உன் அண்ணனிடம் நீதான் பேச வேண்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் எட்டு மாதம் கடத்திவிட்டேன். நீ கோபித்துக்கொண்டால் அது நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். மகள் தேர்வு எழுதி முடித்துவிட்டாள். அம்மாவுக்கு மூட்டுவலி குறையவில்லை. ஆனாலும் பாடகர் குழுவில் முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆலயக் கூரையை மாற்றுவதற்கான குழுவுக்கு என்னைச் செயலராக்கியிருக்கிறார்கள். மழைக்கு மூன்றாம் வரிசையில் வாளி வைப்பார்களே, பிரசங்கத்தை விட்டுவிட்டு நாம் சொட்டுகளை எண்ணி, கணக்கு வாத்தியாரிடம் காது திருகு வாங்கினோமே, அந்த ஒழுகல் இன்றும் நிற்கவில்லை. வாளிகள் மட்டும் ஏழாகிவிட்டன.

இத்தனை வருடமும் சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலே இருக்கும் ஓடுகளையே மாற்றி வந்திருக்கிறோம். தண்ணீர் நுழைவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். மணிக்கூண்டுச் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் தகடு விரிந்திருக்கிறது. அந்த வழியாக உள்ளே வரும் தண்ணீர், ஓடுகளைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தோடு வழிந்து, பத்தடி தள்ளி இறங்குகிறது. நாம் மாற்றிய ஓடுகள் ஒரு குற்றமும் செய்யாதவை.

போன மாதம் ஆசாரியோடு நானும் மேலே ஏறினேன். அவர் விரலை மடக்கி ஒவ்வொரு ஓடாகத் தட்டினார். நல்ல ஓடு கணீரென்றது. கீறல் விழுந்தது சத்தென்று அடங்கிப்போனது. பாதிக்கு மேல் திரும்பவும் போடலாம் என்றார். எனக்கு அங்கேயே பாட வேண்டும்போல் இருந்தது. அடுத்து, சுவர்மேல் உட்காரும் கைமர நுனியில் திருப்புளியை வைத்து அழுத்தினார். சத்தமே இல்லை, பிடிவரை உள்ளே போய்விட்டது. வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கிறது. உள்ளே மூக்குப்பொடிபோல் உதிர்கிறது. வடக்குச் சரிவில் இப்படி ஒன்பது கைமரங்கள். அவற்றுக்கு நேர்கீழே ஞாயிறுதோறும் சிறுபிள்ளைகள் உட்காருகிறார்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாளே ஆயரிடம் சொல்லி அந்தப் பகுதியைக் கயிறு கட்டி மறைத்து, கைமரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டோம்.

மதிப்பீடு வந்துவிட்டது. சாரம், மரம், ஆணி, தகடு என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டார்கள். பழைய மரத்தைத் திறந்த பிறகு தெரியவரும் சேதத்துக்கு மட்டும் ஒரு காசு ஒதுக்கவில்லை. குறைந்தது நூற்றுக்குப் பதினைந்து தனியாக வைக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நிற்கிறேன். ஒப்பந்தக்காரருக்கு வேலை முடிய முடியத்தான் பணம்; அதிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, ஒரு மழைக்காலம் கடந்து ஒழுகவில்லை என்று கண்ட பிறகே கொடுக்க வேண்டும். சபையார் எழுதிக் கொடுத்த வாக்குறுதிகளைக் கூட்டினால் ஏறக்குறைய முழுத்தொகையும் வருகிறது. கைக்கு வந்திருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. பொருளாளரோ, 'கூரையைப் பிரித்துப் போட்டால் பணம் தானாக வரும்' என்கிறார். நல்ல மனிதர், விசுவாசத்தோடுதான் சொல்கிறார். ஆனால் கூரையைப் பிரித்த பிறகு பணம் நின்றுபோனால் மழை நமக்காகக் காத்திருக்குமா? சரிவு சரிவாகச் செய்வோம். ஒரு சரிவை மூடி முடிக்கும் பணம் கையில் இல்லாமல் அதில் ஓர் ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயக் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது உனக்கு நினைவிருக்கும். அங்கே பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்கு முன்னால் அந்த வேலைக்குப் பணம் திரட்டவே சிரமப்பட்டார்கள். எரிந்த பிறகு சுமார் 150 நாடுகளிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள். ஓக் மரத்தாலும் ஈயத் தகட்டாலும் பழையபடியே கூரை போட்டு, 2024 டிசம்பரில் கதவைத் திறந்தார்கள். இடிந்தால் உலகமே அழுகிறது. ஒழுகும்போது கொடுக்க மட்டும் ஆளில்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கொடுக்க முன்வந்திருக்கும் ஒரே பெரிய மனிதர் உன் அண்ணன். இந்தக் கடிதமே அதற்காகத்தான். உங்கள் அப்பாவின் நினைவாக மீதித் தொகை முழுவதையும் தானே தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: ஓடு வேண்டாம், கான்கிரீட் தளம் போட வேண்டும். 'என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்க வேண்டும்' என்று சொன்னபோது அவர் கண் கலங்கியது. அந்த அன்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் நம் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. உள்ளே தூணோ உத்திரமோ கிடையாது. கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,500 கிலோ. 12 சென்டிமீட்டர் கனத்தில் தளம் போட்டால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 300 கிலோ கனக்கும். ஓடும் மரமும் சேர்ந்து இப்போது அதில் பாதிகூட இல்லை. அத்தனை அகலத்தைத் தாங்க உத்திரம் வேண்டும், உத்திரத்துக்குத் தூண் வேண்டும், தூணுக்கு அடித்தளம் வேண்டும். கூரை போட ஆரம்பித்துப் புதிய ஆலயம் கட்டும் கதையாகிவிடும். அதெல்லாம் இல்லாமல் ஏற்றினால் சுவர் பிளந்துவிடும். வந்து பார்த்த பொறியாளரும் இதையேதான் சொன்னார்.

குழுவில் பாதிப் பேர் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பணம் அப்படி. நான் எதிர்த்துப் பேசினால் அவருக்கு அவமானமாகப் படும். நீ சொன்னால் கேட்பார். சிறுவயதில் அவருடைய சைக்கிளை நீ ஆற்றில் தள்ளியபோதுகூட உன்னை அடிக்காதவர். அவரிடம் இதைச் சொல்: ஓடுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதைச் சபை பார்த்துக்கொள்ளும். மரம் முழுவதையும் அவர் கொடுக்கட்டும். நன்றாகப் பதப்படுத்திய மரம், துருப்பிடிக்காத ஆணி, நுனிக்குக் காற்றோட்டம், இவை இருந்தால் அவர் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் அதன் கீழே பாடுவார்கள். முகட்டு மரத்தில் அப்பாவின் பெயரைச் செதுக்கித் தருவதாக ஆசாரி தானாகவே சொன்னார். ஏணி வைத்து ஏறுகிறவர்கள் மட்டுமே அதைப் பார்ப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முடிவெடுக்கும் கூட்டம். சனிக்கிழமைக்குள் அவரைப் பார்த்துவிடு. உறைக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கிறது, சிந்திவிடாமல் பிரி. திருப்புளியோடு வெளியே வந்த கைமரத் தூள் அது. அண்ணன் உள்ளங்கையில் கொட்டிக் காட்டு.

அன்புடன்,
உன் நண்பன்