ஐஸ் ஷீல்டு கிட்: வலப்பக்கப் பேனலின் இடம் தப்பு, பசையும் பிடிக்கவில்லை

அனுப்புநர்:
விமானப் பராமரிப்புப் பிரிவு,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
உதிரிபாக விற்பனைப் பிரிவு.

பொருள்: இரட்டை எஞ்சின் விமானத்துக்கான ஐஸ் ஷீல்டு கிட்டில் உள்ள குறைகள் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ப்ரொப்பெல்லர் வீசும் ஐஸ் விமானத்தின் உடலைத் தாக்காமலிருக்க அதன் இரு பக்கமும் ஒட்டும் ஐஸ் ஷீல்டு கிட்டை உங்களிடம் வாங்கினோம். அதில் இடம், வலம் என இரண்டு ரப்பர் பேனல், 500 மி.லி. பசை இரண்டு டின், பொருத்தும் வரைபடம் ஒன்று இருந்தன. பொருத்தி 11 பறப்பு மணி நேரம்தான் ஆகிறது. இடப்பக்கப் பேனலின் முன் ஓரம் 14 செ.மீ. நீளத்துக்கு எழும்பிவிட்டது. வலப்பக்கப் பேனலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குக் கீழே, பேனல் மூடாத அலுமினியத் தகட்டில் ஐந்து பள்ளம். பெரியது இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே, கட்டைவிரல் பதிகிற அளவு. பெயின்ட் நட்சத்திரம் போல வெடித்திருக்கிறது.

முதலில் அந்தப் பள்ளங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் தவறு உங்கள் வரைபடத்தில்தான். இரு பேனல்களின் நடுக்கோடும் ப்ரொப்பெல்லர் ஹப்புக்கு (பிளேடுகள் சேரும் மையத்துக்கு) 30 செ.மீ. மேலே வர வேண்டும் என்று படம் சொல்கிறது. எங்கள் விமானத்தில் இரண்டு எஞ்சினும் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன, பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக. பிளேடை விட்டு வரும் ஐஸ் தொடுகோட்டில் நேராகப் பாயும். இடது ப்ரொப்பெல்லரில் பிளேடு உச்சியைக் கடக்கும்போது ஐஸ் உடல் பக்கம் வருகிறது. வலது ப்ரொப்பெல்லரில் பிளேடு அடியைக் கடக்கும்போதுதான் வருகிறது. ஆக இடப்பக்கப் பேனல் ஹப்புக்கு மேலேயும், வலப்பக்கப் பேனல் ஹப்புக்குக் கீழேயும் இருக்க வேண்டும். ஐந்து பள்ளமும் ஹப் மட்டத்துக்கு 20 முதல் 45 செ.மீ. கீழேதான் விழுந்திருக்கின்றன. எஞ்சின்கள் எதிரெதிராகச் சுற்றும் விமானத்துக்கு வரைந்த படத்தில் எங்கள் கிட்டின் எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. அங்கே அது சரி, இங்கே சரியில்லை. படத்தில் உள்ளபடிதான் ஒட்டினோம். இடத்தை எங்கள் இஷ்டத்துக்கு மாற்ற எங்களுக்கு அதிகாரம் கிடையாது.

அடுத்தது பசை. மேற்பரப்பைச் சரியாகத் தயார் செய்திருக்க மாட்டீர்கள் என்று பதில் வரும் என்பது தெரியும். அதனால் செய்ததை எழுதுகிறோம். பேனல் உட்காரும் இடத்தில் பெயின்டை பிரைமர் வரை எடுத்தோம். பெயின்ட் மேலேயே ஒட்டினால் பேனலோடு பெயின்டும் உரிந்து வரும் அல்லவா? எம்.ஈ.கே. என்ற கரைப்பானில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, காயும் முன் உலர்துணியால் ஒற்றினோம். ரப்பரிலும் தகட்டிலும் இரண்டு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம். ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டிக் காற்றை வெளியேற்றினோம். ஓரத்துக்கு சீலன்ட் வைத்து, 48 மணி நேரம் விமானத்தை அசைக்கவில்லை.

அப்படியும் எழும்பிய ஓரத்தை விரலால் தூக்கினால் பலாப்பால் மாதிரி நூல் நூலாக இழுக்கிறது. காய்ந்து இறுகியிருக்க வேண்டிய பசை அது. வலப்பக்கப் பேனலை நாணயத்தால் தட்டிப் பார்த்தோம்; இரண்டு இடத்தில் சத்தம் மந்தமாக வருகிறது, அங்கேயும் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது. பிறகுதான் டின்னைத் திருப்பிப் பார்த்தோம். காலாவதித் தேதி ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர்! அடியில் இருப்பதன்படி, பசை எங்களிடம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே காலாவதி. அதிலுள்ள தொகுதி எண்ணும் நீங்கள் தந்த சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றல்ல.

முன் ஓரம் திறந்த பேனல் காற்றுக்கு வாய் திறந்த பை மாதிரி. முழுசாகப் பிய்ந்து போனால் பின்னால் வால் இறக்கைதான் இருக்கிறது.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், "ஓசூரில் ஏது சார் ஐஸ்?" என்று கேட்டார். ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே 25 டிகிரி என்றால், ஆயிரம் அடிக்கு 2 டிகிரி வீதம் குறைந்து 16,000 அடியில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மழைக்கால மேகத்துக்குள் அந்த உயரத்தில் போனால் ஐஸ் பிடிக்கும். 1990-களில் இரட்டை எஞ்சின் பி68 விமானங்களையே கட்டிய ஊர் இது, கொஞ்சம் யோசித்துப் பேசச் சொல்லுங்கள்.

பிளேடில் ஹீட்டர் பூட் (சூடாக்கும் ரப்பர் பட்டை) இருப்பதால் பேனல் பெயருக்குத்தான் என்றும் அவர் சொன்னார். ஐஸைக் கழற்றி வீசுவதே அந்த பூட்தான். அது சூடானதும் ஐஸின் அடி மட்டும் உருகுகிறது, மீதி கட்டியாகவே பறக்கிறது. 2 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று வைத்தால், ஹப்பிலிருந்து அரை மீட்டரில் உள்ள 10 கிராம் துண்டை ஏறத்தாழ 32 கிலோ இழுப்பு பிய்க்கிறது. அது புறப்படும் வேகம் மணிக்கு 450 கி.மீ. பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விதி 25.875, ப்ரொப்பெல்லர் நுனிக்கு அருகில் உள்ள பாகங்கள் வீசப்படும் ஐஸைத் தாங்க வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது.

எங்களுக்கு வேண்டியவை: ஒரே திசைச் சுழற்சிக்குத் திருத்திய, ஒப்புதல் பெற்ற வரைபடம், இரண்டு புதிய பேனல், குறைந்தது ஒன்பது மாத ஆயுள் மிச்சமுள்ள பசை, அதே தொகுதி எண்ணுக்கான சான்றிதழோடு. பசையை வெயில் நேரத்தில் லாரியில் போடாதீர்கள். 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று உங்கள் டின்னிலேயே எழுதியிருக்கிறது. தகட்டைப் பழுது பார்க்கும் செலவும், பேனலை உரித்து மறுபடி ஒட்டும் கூலியும் உங்களுடையது. 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

பள்ளங்களின் அளவுகள், படங்கள், ஸ்டிக்கர் இரண்டின் நகல் இத்துடன் உள்ளன. விமானம் அதுவரை தரையில்தான் நிற்கும். நேரில் பார்க்க ஆள் அனுப்புவதானால் அனுப்புங்கள். பேனலை இன்னும் உரிக்கவில்லை, டின்னையும் அப்படியே மூடி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறியாளர்கள்,
ஓசூர்.