நூல் மூன்று முறை போனது

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் 14-ஐ உலகக் கணித நாளாக யுனெஸ்கோ 2019-இல் அறிவித்தது. அன்று பள்ளிக்குள் வினாடி வினா நடத்தினால் போதாது. பொது இடத்தில் எல்லாரையும் கூட்ட வேண்டும். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன்.

ஒருமுறை பூங்காவில் தட்டும் நூலுமாக உட்கார்ந்திருந்தேன். கணக்கென்றாலே பயம் என்ற பாட்டி ஒருவர், தட்டின் விளிம்பைச் சுற்றிய நூலை எடுத்துக் குறுக்கே வைத்து அளந்தார். மூன்று முறை போனது, அப்புறம் கொஞ்சம் மிச்சம். குறுக்களவில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வாளி மூடியிலும் அதே கதை. "எல்லா வட்டத்துக்கும் இப்படித்தானா?" என்று கேட்டவர், சட்டென்று தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.

நூலகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் அன்று ஒரு மாலையை ஒதுக்கட்டும். நூல்கண்டோடு நான் வருகிறேன்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்