ஐ.நா. ஒப்பந்தம் பாக் விரிகுடாவுக்கு எட்டாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஐ.நா.வின் பெருங்கடல் ஒப்பந்தம் பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். 2023 ஜூனில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம், 60 நாடுகள் உறுதிசெய்த பிறகு, 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத கடலில் பாதுகாப்புப் பகுதிகள் அறிவிக்க உலகப் பொதுவான ஒரு வழி கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் இதனால் நம் கரையோரக் கடலுக்கும் விடிவு வந்துவிடும் என்பதுபோல எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அந்த ஒப்பந்தம் எந்த நாட்டுக்கும் உட்படாத கடலைப் பற்றியது; பொதுவாகக் கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால். பாக் விரிகுடாவில் அப்படி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. இந்தியாவும் இலங்கையும் 1974லேயே கோடு போட்டுப் பிரித்துக்கொண்டுவிட்டன.

இங்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022ல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே முதலாவது. கடல்பசுவுக்குத் தீனி கடல்புல். அது அழிந்த இடங்களில் மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, புல் தண்டுகளைப் பிணைத்து, முக்குளித்துக் கடலடியில் பதிக்கிறார்கள். முழுக்கக் கைவேலை, வேர்பிடித்துப் பரவ மாதக்கணக்கில் ஆகும். ஒரு விசைப்படகு இழுவை மடியோடு, அதாவது கடலடியை வாரி இழுத்துவரும் வலையோடு, அந்த வழியாகப் போனால் அவ்வளவையும் வழித்துக்கொண்டு போய்விடும். விசைப்படகுகள் கரையோரம் மீன்பிடிக்கக் கூடாதென்று 1983லிருந்தே சட்டம் இருக்கிறது. அதன் லட்சணத்தை நாட்டுப்படகுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நமக்கு வேண்டிய சர்வதேச உடன்பாடு ஏற்கெனவே பேசி முடித்ததுதான். இழுவை மடியைக் கூடிய சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவருவதென்று 2016 நவம்பரில் டெல்லியில் இரு நாடுகளும் ஒத்துக்கொண்டன. மறு ஆண்டே இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நாமும் 2017ல் ஒரு திட்டம் கொண்டுவந்தோம்: மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் சூரைமீன் படகுகள், படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம். இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. இதில் மீனவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இரவு போய் மறுநாள் கரை திரும்பிப் பழகியவர்களை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கச் சொன்னால் யோசிக்கத்தான் செய்வார்கள். மானியத்துக்குப் போக மீதிப் பணத்துக்குக் கடன் வேறு. சரி, உரிமையாளர் எப்படியோ சமாளித்துவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். இழுவைப் படகில் கூலிக்குப் போகிறவர் என்ன செய்வார்? இதை யாரும் பேசுவதில்லை.

உங்கள் பத்திரிகை ஒன்று செய்யலாம். அந்த 2,000 படகுகளில் இதுவரை எத்தனை மாறின என்ற கணக்கை மீன்வளத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். எல்லை தாண்டியதாக மீனவர்கள் கைது என்று செய்தி போடும்போதெல்லாம், பக்கத்திலேயே அந்த எண்ணையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மணமேல்குடி