மெர்ஜுக்குள்ளே காணாமல் போன வரி

மாப்ளே,

ரெண்டு கடிதத்துக்குப் பதில் போடாம இருந்தது தப்புதான். திட்டுறதை நேர்ல வச்சுக்கோ. மூணாவதைப் படிச்சதும் உடனே உட்கார்ந்துட்டேன், ஏன்னா புதுசா சேர்ந்த பொண்ணு மேல பழி போட்டு நீ மேனேஜருக்கு அனுப்பப்போற அந்த மெயிலை நிறுத்தியாகணும். வீட்ல எல்லாரும் சுகம். உங்க ஆபீஸ் பெருசு இன்னமும் கமிட் (கோடு மாற்றத்தைச் சேமிக்கிற பதிவு) மெசேஜ்ல “சின்ன மாற்றம்”னு மட்டும்தான் போடுறாராமே, இந்த ஜென்மத்துல திருந்த மாட்டார். பழைய பந்தயப்படி ஒரு ஆங்கில எழுத்துகூட இல்லாம எழுதுறேன், கட்டளை உட்பட. டெர்மினல்ல அடிக்கும்போது நீயே மாத்திக்கோ.

நீ சொல்ற கதை இதுதான்: பில் தொகையை ரவுண்ட் பண்ற கோடு வரி ஃபைல்ல இல்ல. பிப்ரவரியில அதை எழுதினது உனக்கு நல்லாத் தெரியும். ஆனா கிட் (கோடு மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவி) லாக்ல, அதாவது கமிட் பட்டியல்ல, அதைச் சேர்த்த கமிட்டும் வரலை, எடுத்த கமிட்டும் வரலை. உடனே “யாரோ ஃபோர்ஸ் புஷ் பண்ணி (சர்வர்ல இருக்கிறதை வலுக்கட்டாயமா மேலெழுதி) ஹிஸ்டரியையே அழிச்சுட்டாங்க, அந்தப் புதுப் பொண்ணாத்தான் இருக்கணும்”னு முடிவு கட்டிட்டே. டேய், உன் கையில இருக்கிறது வெறும் காலித் திரை. கிட் லாக் கிடைச்சதைக் காட்டும். எதை ஒதுக்கிச்சுன்னு வாயே திறக்காது.

முதல்ல உன் தேதி. --சின்ஸ் (இந்தத் தேதிக்கு அப்புறம்னு சலிக்கிறது) பார்க்கிறது கமிட்டர் தேதியை, அதாவது கமிட் கடைசியா பதிவான தேதியை. திரையில நீ பார்க்கிறது ஆதர் தேதி, முதல்ல எழுதின நாள். காட்டுறது ஒண்ணு, சலிக்கிறது இன்னொண்ணு! பிப்ரவரியில எழுதின கமிட்டை ஏப்ரல்ல ரீபேஸ் பண்ணியிருந்தா (வேற கமிட் மேல திரும்பப் பதிஞ்சிருந்தா), திரையில பிப்ரவரின்னே இருக்கும். ஆனா மார்ச் முடிய --அன்டில் போட்டா விழுந்துடும். --ப்ரிட்டி=ஃபுல்லர் போடு, ரெண்டு தேதியும் வரும். இன்னொரு கூத்து: 2025-02-01னு தேதி மட்டும் கொடுத்தா, நீ கட்டளை அடிக்கிற நேரத்தையும் அதோட ஒட்டிக்கும். மத்தியானம் 3 மணிக்கு அடிச்சா அன்னைக்குக் காலையில நடந்த கமிட் வராது. 00:00னு சேர்த்து எழுது.

அவ பேரைப் போட்டா நிறைய வருதுங்கிறே. --ஆதருக்குக் கொடுக்கிறது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது ஒரு தேடல் வடிவம். பேர்லயோ மின்னஞ்சல்லயோ எங்கே ஒட்டினாலும் பிடிக்கும். “மணி”ன்னு தேடினா சுப்பிரமணியும் வருவார், ரமணியும் வருவாங்க. அதோட அவ எழுதினதை வேற யாரோ செர்ரி-பிக் பண்ணினாலும் (வேற கிளைக்கு நகல் எடுத்தாலும்) ஆதர் இடத்துல அவ பேர்தான் நிக்கும். இதை வச்சு ஒரு ஆள் மேல கையைக் காட்டாதே. சேர்ந்து ரெண்டு மாசமான பொண்ணு, அந்த மெயில் அவ பேரோட போயிடுச்சுன்னா அப்புறம் நீ எத்தனை ‘மன்னிக்கவும்’ போட்டாலும் திரும்பாது.

சரி, வரி எங்கே போச்சு? நீ போட்ட கட்டளை: கிட் லாக், பெரிய எஸ், தேடுற சொல், ரெண்டு ஹைஃபன், பில்லிங்.பை. பெரிய எஸ் என்ன செய்யுதுன்னா, அந்தச் சொல் ஃபைல்ல எத்தனை தடவை வருதுன்னு கமிட்டுக்கு முன்னாலும் பின்னாலும் எண்ணுது. எண்ணிக்கை மாறினாதான் காட்டும். யாராவது அந்த வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் குறி போட்டு கமெண்ட் (ஓடாத வெறும் குறிப்பு) ஆக்கியிருந்தா எண்ணிக்கை அப்படியே இருக்கும், உன் தேடல்ல மாட்டாது. அதுக்கு பெரிய ஜி; அது மாறின வரிகள்லயே நேரடியா தேடும். ஆனா உன் ஃபைல்ல வரியே இல்லைங்கிறே, அதனால கதை வேற.

இங்கதான் எனக்குப் பொறி தட்டுது. கிட் லாக் மெர்ஜ் கமிட்டுக்கு (ரெண்டு கிளையை ஒண்ணாக்கிறது) சும்மா டிஃப், அதாவது மாறின வரிகளோட பட்டியல், போடாது. டிஃப் இல்லைன்னா பெரிய எஸ்ஸுக்கு எண்ண ஒண்ணுமில்ல. ஆக, மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் (ரெண்டு பக்க மாற்றமும் மோதுறது) தீர்க்கிற நேரத்துல ஒருத்தர் “நம்ம பக்கமே இருக்கட்டும்”னு ஃபைலை முழுசா ஒரு பக்கத்திலேர்ந்து எடுத்தா, வரி போனது எந்தச் சாதாரணக் கமிட்லயும் இருக்காது. மெர்ஜுக்குள்ளயே செத்துப் போயிடும்.

அப்போ சேர்த்த கமிட்டாவது வரணுமேன்னு கேட்பே. நீ ஃபைல் பேரைக் கொடுத்தே பாரு, அதுதான் வினை. பாதை கொடுத்ததும் கிட் ஹிஸ்டரியைச் சுருக்கும். மெர்ஜுக்கு அப்புறம் அந்த ஃபைல் ஒரு பெற்றோர்ல (மெர்ஜுக்கு நேர் முந்தின கமிட்ல) இருந்த மாதிரியே இருந்தா, அந்தப் பெற்றோர் வழியா மட்டும் பின்னோக்கிப் போகும். மத்த கிளையை எட்டிக்கூடப் பார்க்காது. “இப்போ இருக்கிற ஃபைல் எப்படி வந்துச்சு”ங்கிற கேள்விக்கு அது சரியான பதில். உன் கேள்வி “என்ன தொலைஞ்சுது”. அதனால சேர்த்த கமிட்டும் போச்சு, கொன்ன மெர்ஜும் போச்சு. நீ பார்த்ததும் அச்சு அசல் அதேதான்.

இப்போ இதை அடி:

கிட் லாக் --ஆல் --ஃபுல்-ஹிஸ்டரி -எம் -எஸ்“ரவுண்ட்” -- பில்லிங்.பை

(எம் சின்னது, எஸ் பெரிசு.) --ஃபுல்-ஹிஸ்டரி எல்லாக் கிளையிலயும் நடக்கும். -எம் மெர்ஜை ஒவ்வொரு பெற்றோரோடும் தனித்தனியா ஒப்பிடும், அதனால மாறினது எந்தப் பெற்றோரோடன்னு அந்தக் கமிட்டோட ஹேஷையும் (அடையாள எண்) கூடவே போடும். --ஆல் இல்லைன்னா நீ நிக்கிற கிளையோட வரலாறு மட்டும்தான். --சின்ஸ் எல்லாம் இப்போ வேண்டாம், முதல்ல அகலமா விரி, பிறகு குறுக்கு. மெர்ஜ் கிடைச்சதும் கிட் ஷோ --ரீமெர்ஜ்-டிஃப் கொடுத்து அதோட ஹேஷ். கிட் 2.36க்கு முந்தின பதிப்புன்னா அது வேலை செய்யாது. அந்த மெர்ஜை கிட் திரும்பச் செஞ்சு பார்த்து, கான்ஃப்ளிக்ட் குறிகளோட வந்ததுக்கும் மனுஷர் சேமிச்சதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

ஒண்ணுமே வரலைன்னா ரெப்போவே (கோடும் வரலாறும் இருக்கிற களஞ்சியம்) அரைகுறையான்னு பாரு: கிட் ரெவ்-பார்ஸ் --இஸ்-ஷாலோ-ரெப்பாசிட்டரி. ‘ட்ரூ’ன்னு வந்தா கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ. நீ பில்ட் மெஷின்ல உட்கார்ந்து தேடுற ஆளு, அதனால சொல்றேன். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் செக்அவுட் தானா எடுக்கிறது ஒரே ஒரு கமிட்.

ஃபோர்ஸ் புஷ் சந்தேகம் இன்னும் தீரலைன்னா உன் லேப்டாப்லயே கிட் ரெஃப்லாக் ஷோ ஆரிஜின்/மெயின் அடி, அந்தக் கிளை எப்படி நகர்ந்துச்சுன்னு காட்டும். இயல்பா நகர்ந்திருந்தா ஃபாஸ்ட்-ஃபார்வர்டுன்னு இருக்கும், யாராவது திணிச்சிருந்தா ஃபோர்ஸ்டு-அப்டேட்னு இருக்கும். சீக்கிரம் பாரு, கிளையை விட்டு அறுந்து போன பதிவுகளை கிட் 30 நாள்தான் வச்சிருக்கும், மத்ததுக்கு 90.

அப்புறம், அண்ணாச்சி கேட்டார்னு சொன்னியே, மிகப் பழைய கமிட்டைப் பார்க்க --ரிவர்ஸ் -1னு போடக் கூடாது. முதல்ல ஒண்ணா வெட்டிட்டு அப்புறம்தான் திருப்பும், அதனால புதுசுதான் வரும். --மேக்ஸ்-பேரன்ட்ஸ்=0 போடச் சொல்லு, பெற்றோரே இல்லாத முதல் கமிட் வரும்.

மெர்ஜ் கமிட்ல யார் பேர் இருக்குன்னு பார்த்துட்டு எழுது. பிப்ரவரிக்கு அப்புறம் அந்த ஃபைலை மெர்ஜ் பண்ற உரிமை ரெண்டே பேருக்குத்தான்னு நீயே எழுதியிருக்கே, ஒண்ணு பெருசு. மெயில் டிராஃப்ட்லயே கிடக்கட்டும்.

உன்
ஒல்லி