ஏழு தரமாவது கதைக்க விடும்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பிக்கு,

உம்மட கடிதம் கிடைச்சது. இஞ்ச நல்லூரில கொடியேறிட்டுது, வெக்கையும் சனமும்தான். சுகத்துக்குக் குறைவில்லை.

மகளுக்குப் பேசிவந்த பொடியனைப் பற்றி எழுதியிருந்தீர். குறிப்பு நல்லாப் பொருந்துது, முதல் வீடியோ கோலிலயே வீட்டில எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சுது, மகளுக்கு மட்டும் ஏதோ இடறுது எண்டு. அந்த இடறலைத் தட்டிக்கழிக்காதையும். பொடியனுக்குத் தன்மோகம் (நாசிசிசம்), அதாவது தன்னிலயே மயங்கி எல்லாரும் தன்னை மெச்சவேணும் எண்டு நினைக்கிற குணம், கூடவோ எண்டு பாரும்.

தன்மோகம் கூடின ஆக்கள் துணை தேடேக்க பார்க்கிறதே வேற. கீத் காம்பெல் எண்ட அமெரிக்க உளவியலாளர் 1999இல இதைப்பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டவர். மற்ற ஆக்களோட ஒப்பிட்டா, இவையளுக்குத் தங்களை வியந்து பார்க்கிற ஆளில ஈர்ப்புக் கூட, அக்கறையும் நெருக்கமும் தாற ஆளில குறைவு. ஊரே மெச்சுற ஒருத்தி பக்கத்தில நிண்டா தன்ர மதிப்பு ஏறும் எண்டதுதான் உள்கணக்கு. அதால மகளைப் பற்றி அவன் என்ன கேக்கிறான் எண்டதைக் கவனியும். எந்தக் கம்பஸ், என்ன ரிசல்ட், படத்தில இன்னும் நல்லா நிக்கலாமே, இதுகள் மட்டும் வந்தா யோசியும். வேலையில ஒரு கஷ்டத்தை அவள் சொல்லேக்க, "பேந்து என்ன செய்தனீர்?" எண்டு அந்த இரண்டாவது கேள்வி வருதோ? இல்லாட்டி "எனக்கு இதைவிட..." எண்டு கதை அவனிட்டயே திரும்புதோ? நான் முதல் பார்க்கிற இடம் இதுதான்.

முதல் கோலில எல்லாருக்கும் பிடிச்சதை வைச்சு ஒண்டும் தீர்மானிக்கேலாது. தன்மோகம் கூடின ஆக்கள் முதல் சந்திப்பில நல்லாவே கவருவினம்: உடுப்பு, சிரிப்பு, தயங்காத பேச்சு. கனடாவில டெல்ராய் போல்ஹஸ் 1998இல வெளியிட்ட ஆய்வில மாணவர்கள் சின்னக் குழுக்களாக ஏழு தரம் கூடிக் கதைச்சவை. தன்னைத் தானே உயர்த்திக் காட்டின ஆக்களை முதல் நாள் எல்லாருக்கும் பிடிச்சது, ஏழாவது முறை பிடிக்கேல்லை. எங்கட ஆக்கள் இரண்டு கோலோட மண்டபம் புக் பண்ணிப்போடுவினம். தாலிக்குப் பொன் உருக்கிற பொன்னுருக்குச் சடங்கு முடிஞ்சா பிறகு பெட்டை வாய் திறக்கிறது லேசில்லை. அதால குறைஞ்சது ஏழெட்டுத் தரம், அதிலயும் சில தரம் பெரியாக்கள் பக்கத்தில இல்லாமல், கதைக்க விடும்.

பொய்ச் சோதனை ஒண்டும் வைக்கத் தேவையில்லை. "இண்டைக்கு எட்டுக்கு ஏலாது, ஒன்பதுக்குக் கதைப்பம்" எண்டு சொல்லவேண்டிய நாள் தானா வரும். அப்ப முகம் கறுக்குதோ, இரண்டு நாள் பேசாமல் இருந்து தண்டிக்கிறானோ? மகளுக்குப் பதவி உயர்வு வந்தா சந்தோசப்படுறானோ, சின்னதாக்கிறானோ? ஜெர்மனியில மிட்யா பக்கும் அவரோட சேர்ந்தாக்களும் 2013இல தன்மோகத்தை இரண்டாப் பிரிச்சுக் காட்டினவை: மெச்ச வைக்கிற பக்கம், மற்றவரை மட்டந்தட்டுற பக்கம். முதல் பக்கம் ஆக்களை இழுக்கும், உறவை அரிக்கிறது இரண்டாவது பக்கம். ஒரு தரம் கோவிச்சதை எண்ணாதையும், இரவு வேலையால வந்த களைப்பாயும் இருக்கும். மூண்டு நாலு தரம் அதே மாதிரி நடந்தா எண்ணும்.

தன்மோகம் கூடின எல்லாரும் பந்தாவாக் கதைக்கிற ஆக்களும் இல்லை. அமைதியா, நொந்துபோய், "என்னை ஒருத்தரும் விளங்கிக்கொள்ளேல்லை" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிற வகையும் இருக்கு. இரக்கத்தில விழுந்தா, அவனைத் தேற்றுறதே அவளுக்கு முழுநேர வேலையாப் போடும். பெட்டையளிலயும் இந்தக் குணம் இருக்கு, எங்கட பிள்ளையையும் ஒருக்கால் நேர்மையாப் பாரும்.

ஒண்டு மட்டும்: பொடியனுக்கு "வருத்தக்காரன்" எண்டு பேர் வைச்சு ஊரில கதை பரப்பிப் போடாதையும். இந்தக் குணம் கூடக்குறைய எல்லாரிலும் இருக்கு. ஆளுமைக் கோளாறு எண்டு சொல்ல, அமெரிக்க மனநல மருத்துவர்களின்ர கையேட்டில உள்ள 9 அறிகுறியில 5 ஆவது நீண்டகாலமா இருக்கவேணும், அதை மதிப்பிடுறது படிச்ச ஆக்களின்ர வேலை. வேண்டாம் எண்டு சொல்ல உமக்கு அந்தப் பேர் தேவையுமில்லை, மகளுக்கு ஒத்துவரேல்லை எண்டா காணும்.

பொன்னுருக்குக்கு நாள் குறிக்க முதல் எனக்கு இரண்டு வரி எழுதும். தேருக்கு வந்தா மகளையும் கூட்டிக்கொண்டு வாரும்.

அன்புடன்,
உம்மட நண்பி