அடி தேய்ந்த விதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

பாறை ஏறுகிற ஷூவை மாற்றி, விலை உயர்ந்ததாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டாய். நான் உடனே பதில் சொல்லாமல் பழைய ஜோடியின் அடியைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றதும் சிரித்தாய். ஆம்பூர் கம்பெனியில் அத்தனை வருஷம் ஷூவின் மேல்பாகம், அதாவது அப்பர், தைத்தவள் வேறு எதைப் பார்ப்பாள்? ஆரம்பத்தில் உன் ஷூவில் நுனிக்கு மேலே சுற்றியிருக்கும் ரப்பர்தான் கிழிந்திருந்தது. காலைப் பாறையில் இழுத்து இழுத்து வைத்திருக்கிறாய். இப்போது கட்டைவிரலுக்கு நேர் கீழே, உள்பக்க ஓரம் மட்டும் மெலிந்திருக்கிறது. பார்த்து, ஒரே தடவையில் வைக்கிறாய். அதனால் வாங்கு. முன்பே கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். காலை இழுக்கிறவர்கள் விலை உயர்ந்த ஷூ வாங்கினால் தேய்மானம்தான் சீக்கிரம் வரும்.

ஆனால் நீ அனுப்பிய படத்தில் இருந்த லா ஸ்போர்ட்டிவா சொல்யூஷன் இப்போதைக்கு வேண்டாம். நுனி அவ்வளவு கீழே வளைந்த ஷூ, தலைக்கு மேல் கவிந்த சுவரில் காலால் கொக்கி போட்டுத் தொங்குகிறவர்களுக்கு. நீ போவது பாதாமி. அங்கே செங்குத்தான மணற்கல், விரல்நுனி மட்டும் நிற்கிற சின்ன விளிம்புகள் என்று நீயே சொன்னாய். அதற்கு நடுத்தர வளைவும் கொஞ்சம் விறைப்பான உள் அட்டையும் போதும். விறைப்பு இருந்தால்தான் உன் எடையை ஷூவின் விளிம்பு தாங்கும், இல்லாவிட்டால் கெண்டைக்கால்தான் தாங்க வேண்டும். குதிகாலைச் சுற்றி இழுத்து ஒட்டிய ரப்பர் பட்டையையும் பார். உண்டிவில் ரப்பர்போல அதுதான் விரல்களை முன்னால் தள்ளி நுனியில் சேர்க்கிறது. குதிகாலில் காற்று தங்கினால் அந்தப் பட்டைக்கு வேலையே இல்லை, எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும்.

சைஸ் விஷயத்தில் கடைக்காரப் பையன் சொல்வதை மட்டும் கேட்காதே. உள்ளே துணி லைனிங் இல்லாத தோல் என்றால் போகப் போக ஒரு சைஸ் வரைக்கும் விட்டுக்கொடுக்கும். லைனிங் இருந்தால் பாதி சைஸ். செயற்கைத் தோல் என்றால் கடையில் எப்படி இருக்கிறதோ ஏறக்குறைய அப்படியேதான் கடைசிவரை. தோலிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்காது. அதனால்தான் எங்கள் கட்டிங் ஆட்கள் இழுவை குறைந்த வாட்டத்தை நுனியிலிருந்து குதிகாலுக்கு வரும்படி பார்த்து வெட்டுவார்கள். அப்போது நீளம் அதிகமாகாது, அகலம்தான் கொஞ்சம் தளரும். கடைக்குச் சாயங்காலமாகப் போ, கால் வீங்கியிருக்கும். சாக்ஸ் இல்லாமல் போட்டுப் பார். விரல்கள் கொஞ்சம் மடங்கி இருக்கலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் திறமை என்று உன் ஜிம்மில் யாராவது சொன்னால் அவர்கள் நகத்தைக் காட்டச் சொல்.

பழையதைத் தூக்கி எறியாதே. நம் வேலூரைச் சுற்றி இருக்கிற மொட்டைப் பாறைகள் மாதிரி சரிவான கருங்கல்லில் விளிம்பே இருக்காது. ரப்பர் முழுசாகப் பதிந்து ஒட்டிக்கொண்டால்தான் ஏற முடியும். அங்கே தட்டையான, இளகிய ஷூதான் ராஜா. ராமநகரத்திலும் அதே மாதிரி கருங்கல்தான், அங்கே போகும்போது பழையதையே போட்டுக்கொள். பக்கவாட்டு ரப்பர் ஓட்டையாவதற்குள் சோல் மாற்றக் கொடுத்துவிடு. இங்கே பஜாரில் ஒட்டித் தருகிறேன் என்று அப்பா கிளம்புகிறார், நான்தான் நிறுத்தினேன். அந்த ரப்பர் பாறையில் பிடிக்காது; ஏறுகிற ஷூவுக்கென்று வருகிற ரப்பர் வேறு, விப்ரம் கம்பெனி ரப்பர் மாதிரி. கனம் மூன்றரை, நாலு மில்லிமீட்டர்தான்.

இன்னொன்று, ஷூவை வண்டி டிக்கியில் வெயிலில் விடாதே. சூடு காட்டித்தான் சோல் ஒட்டுவோம், திரும்பச் சூடு பட்டால் விட்டுக்கொள்ளும். நிழலில் காயவை, பையில் ஈரத்தோடு அடைக்காதே, அந்த நாற்றம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொன்னாய். மீதியை அப்பா போடுகிறாராம். வேண்டாம் என்று சொல்லி அவரைக் கோபப்படுத்தாதே. எந்த சைஸ் எடுத்தாய் என்று போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா