கதிரின் பருவுக்கு 12 வாரம் கொடு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடிபோனதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் படித்து முடித்ததும் மனசு உன் பையன் கதிரிடமே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாகப் பரு, நாலு க்ரீம் மாற்றியும் அடங்கவில்லை என்கிறாய். வயசுக் கோளாறு, தானே போய்விடும் என்று இனியும் விடாதே. குழி விழுந்தால் அது லேசில் மறையாது.

முதலில் அந்த க்ரீம் அட்டைகளைத் திருப்பிப் பார். பீட்டாமெத்தசோன், குளோபிடசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பூசினால் சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். விட்டால் சிவந்து எரிந்து முன்னைவிட மோசமாகப் பரு கிளம்பும். பயந்து மறுபடி பூசுவார்கள். நம் ஊர் மெடிக்கல் ஷாப்களில் சீட்டில்லாமலே கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். மாதக்கணக்கில் பூசியிருந்தால் தோல் டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

ஸ்டீராய்டு இல்லையென்றால், பெரும்பாலும் பூசும் முறையில்தான் தவறு இருக்கும். இன்று தெரியும் பரு, சில வாரங்களுக்கு முன்பே தோல் துவாரம் அடைபட்டு உள்ளே உருவானது. அதன்மேல் மட்டும் புள்ளி வைத்தால் அடுத்தது வருவதை யார் தடுப்பது? துவாரம் அடைபடாமல் தடுக்கும் மருந்தான அடாபலீன் 0.1% ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். இரவில் முகம் கழுவி, 20 நிமிஷம் நன்றாகக் காயவிட்டுப் பூசட்டும். ஈரத்தில் பூசினால் எரியும். கண், உதட்டோரம், மூக்கோரம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தோல் உரியும், சிலருக்குப் பரு கூடினாற்போலவும் இருக்கும். பலர் மருந்தைத் தூக்கிப்போடுவது இந்தக் கட்டத்தில்தான். எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ஸ்சரைசர் போட்டுக்கொண்டு 12 வாரம் தாக்குப்பிடிக்கச் சொல்.

காலையில் பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5% பூசட்டும். 10% வாங்காதே, பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும், வெள்ளையாகவே கொடு. கிளின்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகப் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும், பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே பூச வேண்டும். எலுமிச்சை, பற்பசை, ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) பவுடர் குடிக்கிறானா என்றும் கேள். சிலருக்கு அதுவும் பருவைத் தூண்டும்.

நெஞ்சிலும் முதுகிலும் வலிக்கும் கட்டிகள் இருந்தால் டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தரக்கூடும். மூன்று மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். அதற்கும் அடங்காவிட்டால் ஐசோட்ரெட்டினாயின் என்ற வீரியமான மாத்திரை. சிகிச்சை முடியும்வரை சாப்பிடும் மொத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. 60 கிலோ பையனுக்கு தினம் 30 மி.கி. என்றால் எட்டு மாதமாவது ஆகும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் உடம்பில் சரியாகச் சேரும். உதடு வெடிக்கும். ரத்தத்தில் கொழுப்பும் கல்லீரலும் பார்க்க வேண்டும்.

உன் அண்ணன் மகளுக்கும் தாடையோரம் பரு என்றாயே, மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, மோவாயில் முடி வளர்கிறதா என்று அண்ணியை விசாரிக்கச் சொல். இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிக்குப் பரிசோதிக்க வேண்டும். ஐசோட்ரெட்டினாயின் கர்ப்பத்தில் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். டாக்டர் சீட்டில்லாமல் அவளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

பரு அடங்கியபின்னும் அடாபலீனை நிறுத்த வேண்டாம். கருந்தழும்பு மறைய மாதங்கள் ஆகும். வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் பூசட்டும்.

அன்புடன்,
ராமு